நாலு ரேமுக்கு ஒரு போர்டு

அந்த வீட்டில் தம்பிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'தெரியும்'. யாராவது எதையாவது சொல்ல வாயெடுத்தால், வாக்கியம் பாதி தூரம் வருவதற்குள் 'தெரியும்' என்று சொல்லி அதை வழியிலேயே இறக்கிவிட்டுவிடுவான். அடுப்பு சுடும் என்று சின்ன வயதில் சொன்னபோதும் அப்படித்தான் சொன்னானாம். வலது கை நடுவிரலில் அதற்கான சான்றிதழ் இன்னும் இருக்கிறது. கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறவன் என்பதால், வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் அவன்தான் வைத்தியர். அவன் கைபட்டதில் இஸ்திரிப் பெட்டி மட்டும் பிழைத்திருந்தது.

ஆகவே, அக்கா பாகம் பாகமாக வாங்கி ஒரு புதுக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டுவது என்று முடிவானபோது, அந்தப் பாகங்களெல்லாம் உட்காரும் மதர்போர்டை வாங்கும் பொறுப்பு இயல்பாகவே அவன் தலையில் வந்து உட்கார்ந்தது.

அக்கா கட்டடங்களுக்கு மாடல் செய்கிறவள். ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்பே அவளுடைய கட்டடத்துக்குள் நடந்து பார்க்கலாம். படியேறலாம், கதவைத் திறக்கலாம், கழிவறையை எங்கே மறந்துவிட்டார்கள் என்று கண்டுபிடிக்கலாம். பெரிய நிறுவனம் ஒன்று பரீட்சையாக அவளிடம் ஒரு மருத்துவமனையைக் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள், உள்ளே நடந்துபோகிற வீடியோவாக அது வந்து சேர்ந்தால் வேலை அவளுக்கு. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஐந்து தாண்டினால், வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு.

மாடி மாடியாகத் தனித்தனியே செய்து முடித்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கித் திறக்கத்தான் முடியவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் மூச்சிரைக்க மூன்றாவது மாடி வரை ஏறி, பிரசவ வார்டு வாசலில், மெமரி போதவில்லை என்று சொல்லி உயிரை விட்டது. அதனால்தான் அக்கா கையிருப்பையெல்லாம் துடைத்து நாலு பெரிய ரேம்களை வாங்கினாள். அவற்றைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டியும் இருந்தாள். "ரேம் என்னோடது. போர்டு நீ பாத்துக்க" என்றாள்.

"தெரியும்" என்றான் தம்பி.

வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் பெரியப்பாவின் குழாய்க் கம்பெனி. "வெள்ளிக்கிழமைக்குள்ள இது வரலன்னா அங்க வந்துடறேன் பெரியப்பா" என்று அக்காவே வாய் கொடுத்து மாட்டியிருந்தாள். பெரியப்பா கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் மூஞ்சியில் அடித்தாற்போல முடியாது என்று சொல்லிவிடலாம். இவரோ அக்காவுக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கி, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் தன் அறை வாசலில் போட்டு வைத்திருந்தார். அதில் உட்கார்ந்து எத்தனை எல்போ, எத்தனை வால்வு என்று பில் அடிக்க வேண்டும். சும்மா ஒரு மாசம் என்று அங்கே போன சொந்தக்காரர்கள் யாரும் திரும்பியதில்லை. ஒருவருக்கு அங்கேயே வழுக்கை விழுந்து, அங்கேயே அறுபதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் பெரியப்பா ஒத்தாசைக்கு வந்துவிட்டார். அக்காவின் அறையில் ஜன்னலோரம், சுவிட்ச் போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா வழக்கம்போலச் சமையலறை ஸ்டூலில். தம்பி தரையில், பெட்டியைப் பிரித்து, பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்குத் தயாராக.

போர்டு அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஓரமெல்லாம் விளக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஏழு நிறத்தில் மூச்சுவிடும் என்று தம்பி விளக்கினான். புராஸசரை உட்காரவைத்தான், மேலே விசிறியை இறுக்கினான். முதல் ரேமை எடுத்து, ஸ்லாட்டில் வைத்து அழுத்தினான்.

இறங்கவில்லை.

திருப்பி வைத்து அழுத்தினான். அப்படியும் இறங்கவில்லை.

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியப்பா. "நல்லா அமுக்குடா. நம்ம வால்வெல்லாம் ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் உக்காரும்."

தம்பி கட்டைவிரலை மீண்டும் கொண்டுபோனான். "கைய எடு" என்றாள் அக்கா. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ரேமை அவன் விரல்களிலிருந்து உருவி, ஸ்லாட்டின் மேல் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். ரேமின் அடியில் ஒரு சின்ன வெட்டு. ஸ்லாட்டில் ஒரு சின்ன மேடு. இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திக்காமல், கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப்போலப் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"இந்த ரேம் புது ரகம், டிடிஆர் ஃபைவ். இந்த போர்டுல எது ஏறும்?"

தம்பி அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். அதில் விளக்குகளைப் பற்றி நிறைய எழுதியிருந்தது. அடியில், எறும்பு மட்டும் படிக்கிற எழுத்தில், டிடிஆர் ஃபோர்.

"ஃபோர்" என்றான்.

"எத்தனை ஸ்லாட்டு?"

எண்ணத் தேவையே இல்லை. இரண்டு. அக்காவின் கையில் நாலு.

"வாங்கறப்ப என்னத்தடா பாத்த?"

"லைட்டு" என்று மென்று விழுங்கினான்.

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மிகுந்த அன்போடு, "போனாப் போகுது பாப்பா. நம்ம ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கு, அது பாட்டுக்கு ஓடும்" என்றார். தம்பி புராஸசரைக் கழற்றி, போர்டைப் பெட்டிக்குள் திணித்து, ஒரு ரேமை அதன் உறையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடாமலே கிளம்பினான். வாசலில் அம்மா அவன் பின்னால் செருப்பை எறிந்தாள். அது ஆசீர்வாதமா, மற்றதா என்று நின்று பார்க்க நேரம் இல்லை.

கடையில் ஒரு பெண்மணி இருந்தார். பேனா மூடியை மென்றுகொண்டே வியாபாரம் செய்கிறவர். போர்டைப் புரட்டிப் பார்த்தார்.

"புராஸசர் உக்கார்ற சாக்கெட் மேல ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்திருக்குமே. வெச்சிருக்கீங்களா? அது இல்லாம மாத்திக்க மாட்டோம்."

மூடி தம்பியின் பான்ட் பையில் இருந்தது. போர்டு வாங்கிய அன்றே கழற்றி, ஒரு வாரமாக வகுப்பில் அதைத்தான் கிளிக் கிளிக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவனுடைய ஒரு கெட்ட பழக்கம் குடும்பத்துக்கு உதவியது.

"புராஸசர் இருக்கட்டும், அது பழைய ரக போர்டு, புது ரக போர்டு ரெண்டுலயும் உக்காரும். ரேம் என்ன வெச்சிருக்கீங்க, எத்தனை வெச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க" என்றார் கடைக்காரப் பெண்மணி. "அதுக்கப்புறம்தான் போர்டு. நீங்க என்னடான்னா கால அளக்காம செருப்பு வாங்கின மாதிரி பண்ணியிருக்கீங்க."

"தெரியும் மேடம்" என்றான். அவர் அவனை ஒரு தினுசாகப் பார்த்தார்.

புது ரகத்துக்கு இரண்டு போர்டுகள்தான் கைவசம் இருந்தன. ஒன்று, பழைய அழகியின் தங்கை. அதே விளக்குகள், அதே மினுமினுப்பு, ஸ்லாட் இரண்டு. இன்னொன்று பழுப்பு நிறத்தில், விளக்கும் இல்லாமல் வேஷமும் இல்லாமல், அரசாங்க அலுவலகப் பலகைபோல இருந்தது. அதில் ஸ்லாட் நாலு.

தம்பியின் கண் தங்கையின் பக்கம்தான் போனது. வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் போனது.

"இத எடுத்தா உங்க ரேம்ல ரெண்டு ஏறும்" என்றார் கடைக்காரப் பெண்மணி. "மிச்சம் ரெண்ட சாவிக்கொத்துல மாட்டிக்கலாம்."

பாதி மெமரி. அக்காவின் மருத்துவமனை ஐந்தாவது மாடியில் செத்துப்போகும். தம்பி பழுப்புப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவர் ரேமின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் படித்து, கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தார். பேனா மூடி வாயிலிருந்து வெளியே வந்தது. "இந்த போர்டுக்கு கம்பெனிக்காரங்க போட்டுப் பாத்து ஓகே சொன்ன ரேம்ல இது இல்ல."

தம்பி மேஜை மேல் எக்கிப் பார்த்தான். "ஓடாதா?"

"ஓடாதுன்னு சொல்ல மாட்டேன். அவங்க இத டெஸ்ட் பண்ணல, அவ்வளவுதான். பெரும்பாலும் ஓடும். நாலும் சேரும்போது கொஞ்சம் வேகம் குறையும். உங்களுக்கு வேகமா, இடமா?"

"இடம்."

"அப்ப இதுதான். எடுத்துட்டுப் போங்க. அப்புறம் ஒண்ணு, நாலையும் ஒண்ணாப் போட்டு முதல் தடவை ஆன் பண்றப்போ..."

"தெரியும் மேடம், தெரியும்" என்றான் தம்பி. அவன் ஒரு கால் ஏற்கெனவே படியில் இருந்தது.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு பேனா மூடியை மீண்டும் வாயில் வைத்தார்.

வீட்டில் இந்த முறை ரேம்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கின. நாலு க்ளிக். அம்மாகூட எட்டிப்பார்த்து, "பரவால்லயே" என்றாள். அக்கா ஸ்டூலை முன்னுக்கு இழுத்தாள். வீடியோ உருவாகி முடிய முக்கால் மணி நேரமாவது வேண்டும். இப்போதே திறந்தால் ஐந்துக்குள் முடித்துவிடலாம். தம்பி பட்டனை அழுத்தினான்.

விசிறி சுற்றியது. ஸ்க்ரீன் கருப்பாக இருந்தது.

காத்திருந்தார்கள். கருப்பு அப்படியே இருந்தது. போர்டின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு விளக்கு எரிந்தது. அதன் பக்கத்தில் மெமரி என்பதற்கான சுருக்கெழுத்து அச்சாகியிருந்தது. மெமரியில் கோளாறு என்கிறதா, மெமரி நலம் என்கிறதா? விளக்கு விளக்கவில்லை.

சும்மா இருந்து தம்பிக்குப் பழக்கம் கிடையாது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான். ரேம்களை உருவி, ஊதி, துடைத்து, மீண்டும் செருகினான். ஆன் செய்தான்.

விசிறி. கருப்பு. ஆரஞ்சுப் பொட்டு.

"லிஸ்ட்ல இல்லன்னு சொன்னாங்க" என்று அவன் வாய் தானாக உளறியது.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "எந்த லிஸ்ட்ல?"

சொன்னான். அதற்குள் பெரியப்பா தலைக்கு மேலே கையை நீட்டி, சுவரிலிருந்த சுவிட்சை டக்கென்று அணைத்து, டக்கென்று போட்டார்.

விசிறி நின்று, மறுபடி தொடங்கியது.

"பெரியப்பா!" என்றான் தம்பி.

"என்னடா? எங்க ஆபீஸ்ல எது மக்கர் பண்ணாலும் இதுதான் மருந்து. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. சொத்த பல்லத் தவிர எல்லாத்துக்கும் கேக்கும்."

ஸ்க்ரீன் கருப்பாகவே இருந்தது. அக்கா உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி கடைக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. மறுபடி போட்டான். அதே கதை.

"ரெண்டக் கழட்டிடவா? ரெண்டோட ஒருவேளை..."

"ரெண்டோட வந்தா வீடியோ வராது. அதுக்கு இப்படியே இருக்கலாம்." அக்கா அவனை நேராகப் பார்த்தாள். "அந்த அம்மா வேற என்ன சொன்னாங்க? ஒரு வார்த்த விடாமச் சொல்லு."

"வேகமா இடமான்னு கேட்டாங்க. இடம்னேன். இதுதான்னாங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"நாலையும் ஒண்ணாப் போட்டு முதல் தடவை ஆன் பண்றப்போ..."

"ஆன் பண்றப்போ?"

"தெரியும்னு சொல்லிட்டேன்."

"தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

அந்த வார்த்தை அந்த வீட்டில் அவன் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அம்மா வாசலிலிருந்து, "என்னங்கறான்?" என்று கேட்டாள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு வாட்டி ஆஃப் பண்ணிப் பாத்துட்டு, கார் வெளியதான் நிக்குது..." என்று கையை உயர்த்தினார்.

"இருங்க பெரியப்பா." அக்கா ஆரஞ்சுப் பொட்டையே வெறித்தாள். பேச்சு தனக்குத்தானே பேசுவதுபோல வந்தது. "எப்பவும்போல உடனே வர்றதா இருந்தா அவங்க ஏன் அத ஒரு விஷயம்னு சொல்ல வாயெடுக்கணும்? முதல் தடவைன்னு சொல்லியிருக்காங்க. முதல் தடவை என்னமோ வித்தியாசமா இருக்கும். பாக்கறவங்க பயந்துடுவாங்க. அதுக்குத்தான் சொல்ல வந்திருக்காங்க. நாலு புது ரேம், பாக்காத போர்டு, ஒண்ண ஒண்ணு அளந்து பாத்துக்க நேரம் ஆகும்போல. நாம அளக்க அளக்கப் பிடுங்கிட்டே இருக்கோம்."

"அப்படித்தான்னு தெரியுமா?" என்றான் தம்பி.

"தெரியாது" என்றாள் அக்காவும்.

அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தில் அன்று ஒரே அறையில் இரண்டு பேருக்குத் தெரியவில்லை.

அக்கா சொன்னது தப்பாக இருந்தால், இருக்கிற கொஞ்ச நேரமும் ஒரு கருப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தீர்ந்துவிடும். சரியாக இருந்தால், யாரும் எதையும் தொடக் கூடாது. தம்பி எழுந்தான். பெரியப்பாவின் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, சுவிட்ச் போர்டின் மேல் முதுகைச் சாய்த்து, ஆணியடித்தாற்போல நின்றுகொண்டான். கைகள் இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டான். அவற்றையும் நம்ப முடியாது.

"என்னடா இது, நந்தி மாதிரி?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணும் இல்ல பெரியப்பா. சுவர் குளுகுளுன்னு இருக்கு."

"தள்ளுடா. ஒரே ஒரு தடவ."

"முடியாது பெரியப்பா."

பெரியப்பாவின் முகம் சுருங்கியது. கம்பெனியில் அவரிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் இல்லை. வழுக்கை விழுந்தவர்கூடச் சொன்னதில்லை. "உங்க நல்லதுக்குத்தானடா வந்து உக்காந்திருக்கேன்" என்றார். அது நிஜம் என்பதால் தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் நகரவில்லை. சுவிட்சின் முனை ஒன்று முதுகெலும்பில் குத்தியது. லேசாக அசைந்தால்கூடத் தானே அணைத்துவிடுவோமோ என்று பயந்து மூச்சைப் பாதியாக விட்டான்.

விசிறி சுற்றியது. அம்மா வாசலில் நின்றபடி முந்தானையை முறுக்கினாள். சுவர்க் கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அது என்ன காட்டுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அக்கா ஸ்டூலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பெண்ணாகக் குறுகியிருந்தாள். இனிமேல் வராது என்று தம்பி முடிவு செய்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை முடிவு செய்தான். பெரியப்பா சாவிக்கொத்தை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினார்.

ஆரஞ்சுப் பொட்டு அணைந்தது.

பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு எரிந்து அணைந்தது. பிறகு ஸ்க்ரீனில், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், சாம்பல் நிறத்தில் எழுத்துகள் வந்தன. மெமரி எவ்வளவு என்று ஒரு வரி. நாலு ஸ்லாட்டும் நாலு ரேமும் முழுசாக இருந்தன.

அக்கா கீபோர்டை மடியில் இழுத்துக்கொண்டாள். மாடல் திறந்தது. வரவேற்பறை, அவசரச் சிகிச்சை, இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. பிரசவ வார்டு வாசலில் எல்லாரும் ஒரு கணம் உறைந்தார்கள். கதவு திறந்தது, ஜன்னலோரம் வரிசையாகக் கட்டில்கள் தெரிந்தன. மேலே, மேலே, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை. தம்பி சுவிட்ச் போர்டை விட்டு நகரவே இல்லை. வீடியோ உருவாகி, நிறுவனத்துக்கு ஏறி முடியும்வரை அங்கேயே நின்றான். ஸ்க்ரீனில் எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு கடைசி முனையைத் தொடும்போது கடிகாரம் ஐந்தை முட்டிக்கொண்டிருந்தது.

பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. அக்கா அதைப் படித்து, இன்னொரு தடவை படித்து, பிறகு சத்தமாக வாசித்தாள். "வீடியோ கிடைத்தது. திங்கட்கிழமை முதல் சேர்ந்துகொள்ளுங்கள்."

அம்மா முந்தானையை விட்டாள். அப்போது தம்பியின் போன் அடித்தது. கடைக்காரப் பெண்மணி.

"மிஸ்டு கால் பாத்தேன். சாப்பிடப் போயிருந்தேன். அத சொல்ல வந்தேன், நீங்க அதுக்குள்ள ஓடிட்டீங்க. முதல் தடவை ஆன் பண்றப்போ ரொம்ப நேரம் ஸ்க்ரீன் கருப்பா இருக்கும். பயந்து ஆஃப் பண்ணிடாதீங்க. ஆஃப் பண்ணா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கும்."

அவனுக்கு இப்போது அது நிஜமாகவே தெரியும். முதுகெலும்பில் சுவிட்சின் தடம்கூட இருந்தது. வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "சொல்லுங்க மேடம்" என்றான். அவர் முழுசும் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். இன்னும் ரெண்டு விஷயம் சொன்னார். ரெண்டும் அவனுக்குத் தெரியாதவை.

பெரியப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று முடிவாகாமல் அவர் முகம் கருப்பு ஸ்க்ரீனாக இருந்தது. கடைசியில், "அப்ப அந்த நாற்காலிய என்ன பண்றது பாப்பா? பிரிக்காம வெச்சிருக்கேன்" என்றார்.

அக்கா சமையலறை ஸ்டூலிலிருந்து இறங்கி, மரத்துப்போன காலை உதறிக்கொண்டாள்.

"இங்க அனுப்பிடுங்க பெரியப்பா" என்றாள். "நான் உக்கார்றதுக்குத்தான வாங்கினீங்க?"